தங்கச்சி வழக்கு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எங்கள் வீடு. தோல் பட்டறை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண் பிள்ளைகள். நான் மூத்தவள். தங்கச்சி புருஷனை விட்டுப் பிரிந்து, பெண் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்த பதினோராம் மாதம், காலையில் வேலைக்குப் போகும் வழியில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டிருப்பவன் அந்தப் புருஷன்தான். மும்பை செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது.

ஊரிலிருந்து போன் வந்தாலும், கோயில் கொடைக்குப் போனாலும், குழாயடியில் நின்றாலும் அதே கேள்விகள். ஒவ்வொரு முறையும் அம்மாவால் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை. சொன்ன அன்றைக்கு ராத்திரி அவள் தூங்குவதில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டாரும் தேடி வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியதையும் சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வாய்தா வாய்தாவாக அலைந்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டது இது.

வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

சாட்சி விசாரணை நடக்கிறது. முதலில் எஃப்ஐஆர், பிறகு கைது, பஞ்சநாமா (சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு), போஸ்ட்மார்ட்டம். அதற்குப் பிறகு குற்றப்பத்திரிகை. கொலை வழக்கில் கைதான 90 நாளைக்குள் போலீஸ் அதைத் தாக்கல் செய்யாவிட்டால் கைதானவன் உரிமையாகவே ஜாமீன் கேட்கலாம். எங்கள் வழக்கில் அந்தக் கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது தாக்கலானது. அந்த மூன்று மாதமும் அப்பா நாள்காட்டியில் ஒவ்வொரு தேதியாக அடித்துக்கொண்டே வந்தார். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து வழக்கு செஷன்ஸுக்குப் போனது. அங்கே குற்றச்சாட்டு வாசித்தார்கள். அவன் "மறுக்கிறேன்" என்றான். இருபத்து மூன்று சாட்சிகளில் ஒன்பது பேர் முடிந்திருக்கிறார்கள். இனி டாக்டர், விசாரணை அதிகாரி, கலினா தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை எல்லாம் பாக்கி.

2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டதே, உங்கள் வழக்கு எதில்?

சம்பவம் அதற்கு முன்பு நடந்தது. அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 302 தான். அந்தத் தேதிக்குப் பிறகு நடந்த கொலை என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. தண்டனையில் வித்தியாசம் இல்லை.

இன்னும் எத்தனை வருஷம் ஆகும்?

தெரியாதவர்கள்தான் இதற்கு நிச்சயமாகப் பதில் சொல்வார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்த நிர்பயா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 டிசம்பரில் குற்றம், விரைவு நீதிமன்றத் தீர்ப்பு 2013 செப்டம்பரில். அதற்குப் பிறகு ஹைகோர்ட், 2017 மே மாதம் சுப்ரீம் கோர்ட், கருணை மனுக்கள் என்று போய் 2020 மார்ச் 20 அன்றுதான் முடிந்தது. அந்தப் பெற்றோர் ஏழு வருஷத்துக்கு மேல் கோர்ட் படி ஏறினார்கள். எங்கள் வழக்கைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை.

சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடத்த வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. நடப்பதென்னவோ, ஒரு வாய்தாவுக்கு ஜெயிலிலிருந்து கொண்டுவர போலீஸ் காவல் இல்லை, அடுத்ததற்கு எதிர்த்தரப்பு வக்கீல் வேறு கோர்ட்டில், அதற்கடுத்து நீதிபதி லீவு. கையில் இருக்கும் ஒரே வழி இதுதான்: ஒவ்வொரு வழக்குக்கும் கோர்ட் தரும் தனி அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். ஒவ்வொரு தேதியிலும் என்ன நடந்தது என்பது ரோஸ்நாமாவில் இருக்கும். எதனால் தள்ளிப்போனது என்று அதில் பதிவாகிறதா பாருங்கள். எதிர்த்தரப்பு திரும்பத் திரும்ப வாய்தா வாங்கினால், உங்கள் வக்கீல் அந்த ரோஸ்நாமாக்களை வைத்துத்தான் வழக்கைச் சீக்கிரம் முடிக்கும்படி மனுப் போட முடியும்.

முன்னாடியே போலீஸில் சொல்லியிருக்கலாமே?

சொன்னாள். மூன்று தடவை போனாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான், கம்பெனி கேட்டில் நிற்கிறான், குழந்தையை ஸ்கூலில் விடும்போது பின்னாலேயே வருகிறான் என்று சொன்னாள். மூன்று தடவையும் என்.சி. எழுதிச் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டு மூன்றையும் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தாள். அவள் போன பிறகு, இறப்புச் சான்றிதழுக்காக ரேஷன் கார்டை எடுத்தபோதுதான் அப்பா பார்த்தார்.

மும்பையில் என்.சி. என்ற வார்த்தை தெரியாதவர் இல்லை. ஆனால் அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத சின்னக் குற்றம் என்று பதிந்துகொள்வதுதான் என்.சி. சீட்டு வாங்கினால் புகார் கொடுத்தாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதலே தனிக் குற்றம். பழைய சட்டத்தில் 354டி, இப்போது 78. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமலே போலீஸ் விசாரிக்கக்கூடிய குற்றம் அது, அதற்கு எஃப்ஐஆர் போட வேண்டும். அப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்ஐஆர் பதிவது போலீஸின் கடமை என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. புகாரில் பத்து விஷயம் இருந்து, ஒன்று மட்டும் அப்படிப்பட்டது என்றாலும் முழுவதையும் அந்த வகையாகத்தான் எடுக்க வேண்டும்.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: சீட்டில் என்.சி. என்று இருந்தால் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் கேளுங்கள். மறுத்தால் அதே புகாரை எழுத்தில் துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பினால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம். அந்த மூன்று சீட்டும் இப்போது வழக்கில் ஆவணம்.

முதலில் வந்தபோதே நீங்கள் அவளை வீட்டில் வைத்திருக்கலாம் இல்லையா?

வைத்திருக்கலாம். இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினோம். முதல் தடவை வந்தபோது கன்னத்தில் விரல் தடம் இருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். "குழந்தை முகத்துக்காகப் பொறுத்துப் போடி" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவிடம் மட்டும் கேட்காதீர்கள்.

அப்போது எங்களுக்குத் தெரியாதது இது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் வருஷச் சட்டத்தில் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அவன் நெருங்கக்கூடாது, போன் செய்யக்கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். விசாரணைக்கு முன்பே இடைக்கால உத்தரவும் உண்டு. உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. பிரிந்து வந்த பிறகும் இதைக் கேட்கலாம், ஒரு காலத்தில் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் போதும். பாந்த்ரா குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு நடந்துகொண்டிருந்தபோதே, கூடவே இதையும் போட்டிருக்கலாம். விவாகரத்துக் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தோம். பிரிந்து வந்த பிறகுதான் ஆபத்து கூடுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடிக்கிறவன் கையை விட்டுப் போகிறாள் என்று தெரிந்த அந்த மாதங்களில்தான் வீட்டார் அவளைத் தனியே விடக்கூடாது.

இப்போது ஆபத்தில் இருப்பவர்கள் 112, பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் உண்டா?

2005 சட்டம் உண்டு. கல்யாணம் போன்ற உறவில் இருந்தவர்களையும் அது சேர்க்கிறது. பின்தொடர்தல், மிரட்டல், அடி, கொலை எதற்குமே கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை. "அவளே போனவள்தானே" என்று சொல்லி வீட்டார் ஒதுங்கிவிடுவதால்தான் இப்படிப்பட்ட பெண்கள் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள்.

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிடுமா?

இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் தள்ளுபடி. முதல் தடவை அவன் கேட்டதே எங்களுக்குத் தெரியாது. இரண்டாம் தடவை எங்கள் வக்கீல் நின்று ஆட்சேபித்தார். பாதிக்கப்பட்டவர் தரப்புக்கு ஒவ்வொரு கட்டத்திலும், ஜாமீன் விசாரணையிலும் தங்கள் பக்கத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று 2022 ஏப்ரலில் லக்கிம்பூர் கேரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இறந்தவளின் சட்டப்படியான வாரிசும் "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லுக்குள் வருகிறார். ஜாமீன் கிடைத்தாலும் நிபந்தனைகள் இருக்கும். வீட்டுப் பக்கம் வந்தான், சாட்சியிடம் பேசினான் என்றால் தேதி, நேரம், பார்த்தவர் யார் என்று அன்றே எழுதி வைத்து ரத்து செய்யக் கேளுங்கள்.

சர்க்கார் வக்கீல் இருக்கும்போது நீங்கள் ஏன் தனி வக்கீல் வைத்தீர்கள்?

வழக்கை நடத்துபவர் சர்க்கார் வக்கீல்தான். சாட்சியைக் கேள்வி கேட்பது, வாதாடுவது அவர் வேலை. நம் வக்கீல் அவருக்கு உதவலாம், எழுத்து மூலமாக வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். இருந்தாலும் ஒரே நாளில் அத்தனை கட்டுகளைப் புரட்டும் ஒருவருக்கு, இந்தக் கட்டில் இருப்பவள் காலையில் ஏழரைக்குக் கிளம்புவாள், எந்தச் சந்து வழியாகப் போவாள், அந்தச் சந்தில் எந்தக் கடை அப்போது திறந்திருக்கும் என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். எங்களுக்குப் பணம் இல்லை. சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள், 1987 சட்டத்திலேயே அது இருக்கிறது. அம்மா பெயரில் மனுப் போட்டோம்.

அம்மா சாட்சி சொன்னபோது என்ன ஆனது? மராத்தி தெரியாதே?

எங்களிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான்.

நாற்பது வருஷம் மும்பையில் இருந்தும் அம்மாவுக்குக் கடைக்குப் போகிற அளவுக்குத்தான் இந்தி. கோர்ட்டில் மராத்தியும் இங்கிலீஷும். "எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்று முன்கூட்டியே சர்க்கார் வக்கீல் மூலம் சொல்லிவிட்டோம், மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தார்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தெரிந்த அரைகுறை இந்தியில் பதில் சொல்லி, அது ஒன்று கிடக்க ஒன்றாகப் பதிவாகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு.

அன்றைக்கு முத்தேமால் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சம்பவ இடத்தில் போலீஸ் எடுத்துச் சீல் வைத்த பொருட்களை இங்கே முத்தேமால் என்பார்கள். பழுப்புக் காகிதம், சணல் நூல், சிவப்பு அரக்கு முத்திரை. உள்ளே அவள் துப்பட்டா, கைப்பை, ஒரு சில்வர் டிபன் டப்பா. மூடியின் ஓரம் நசுங்கி இருந்தது. "இது உங்கள் மகளுடையதா, எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். அம்மா டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பினாள். அடியில் பேர் வெட்டியிருந்தது, கல்யாணச் சீருக்கு வாங்கியபோது ஊர்ப் பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்த தமிழ் எழுத்து. அந்த அறையில் எங்களைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான். அம்மா அந்தப் பேரைச் சத்தமாக வாசித்தாள். நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து மெதுவாகச் சொல்லிப் பதியச் சொன்னார்.

அன்று காலை அந்த டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தவள் அம்மாதான்.

குறுக்கு விசாரணையில் தங்கச்சியின் நடத்தையைப் பற்றிக் கேட்டார்கள். கேட்பார்கள், தயாராகப் போங்கள். சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்வது: கேள்வி முடியும்வரை காத்திருங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். ஞாபகம் இல்லாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்துக் கோபப்படாமல் நீதிபதியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் பதிவானதைத் தமிழில் வாசித்துச் சொல்லக் கேளுங்கள். அம்மா அப்படிக் கேட்டதால்தான் "சாயங்காலம்" என்று தப்பாக ஏறியிருந்த நேரம் திருத்தப்பட்டது.

அவன் வீட்டார் சமாதானம் பேச வந்தார்களாமே?

வந்தார்கள், ஊர்ப் பெரியவர் இரண்டு பேரோடு. குழந்தை பேரில் பணம் போடுகிறோம், சின்ன மருமகன் மட்டும் "முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை" என்று சொல்லட்டும் என்றார்கள். அவர்தான் நேரில் பார்த்த சாட்சி, எங்கள் சித்தி மகளின் வீட்டுக்காரர். அப்பா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சாப்பிடச் சொல்லாமல் அனுப்பினார். எங்கள் வீட்டில் அது பெரிய வார்த்தை.

கொலை வழக்கு இரண்டு குடும்பத்துக்கு நடுவில் பேசி முடிக்கக்கூடியது இல்லை. வழக்குப் போட்டிருப்பது மகாராஷ்டிர அரசு. பொய் சாட்சி சொல்லும்படி மிரட்டுவதே தனிக் குற்றம். சாட்சிக்குப் பயம் இருந்தால், 2018இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுச் செய்யலாம். ஆபத்தின் அளவைப் போலீஸ் அறிக்கையாகத் தரும், அதைப் பார்த்து ரோந்து, காவல் போன்றவற்றுக்கு உத்தரவாகும். எங்கள் மருமகனுக்கு சாட்சி சொல்லப் போகும் நாளில் காவல் கிடைத்தது.

வாட்ஸ்அப் மிரட்டல்கள் ஆதாரமாகுமா?

ஆகும். அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள், பழைய போனை விற்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது, மின்னணு ஆதாரத்துக்கு உரிய சான்றிதழ் சேர்க்க வேண்டும் என்று 2020இலும் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்திருக்கிறது.

குழந்தை யாரிடம்? சட்டப்படி அப்பாவுக்குத்தானே உரிமை?

எங்களிடம். இப்போது எட்டு வயது. அப்பன் ஜெயிலில் இருந்தாலும் சட்டம் அவனைத்தான் இயற்கைக் காப்பாளனாக வைத்திருக்கும், கோர்ட் வேறு உத்தரவு போடும்வரை. அதனால் 1890ஆம் வருஷக் காப்பாளர் சட்டத்தில் அம்மா பேரில் மனுப் போட்டோம். பள்ளிக்கூடம், பேங்க், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அந்த உத்தரவு தேவைப்படும், தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தையிடம் யாரும் வழக்கைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். "அப்பா ஞாபகம் வருதா?" என்றும் கேட்க வேண்டாம். அவளாகப் பேசும்போது நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கச்சியின் பி.எஃப்., நகை அவனுக்குப் போய்விடுமா?

கொலை செய்தவன் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 25ஆம் பிரிவு. ஆனால் பி.எஃப்.பில் நாமினியாக அவன் பேரே இருந்தது, அவள் மாற்றவில்லை. வழக்கு விவரத்தோடு பணத்தை நிறுத்தி வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம். பிரிந்து வந்திருக்கும் பெண்கள் இதைப் படித்தால் இந்த வாரமே பேங்க், எல்.ஐ.சி., பி.எஃப். மூன்றிலும் நாமினி பேரைப் பாருங்கள்.

நஷ்டஈடு வாங்கினால் வழக்கு பலவீனமாகும் என்கிறார்களே?

ஆகாது. அது அவன் கொடுக்கும் பணம் இல்லை, அரசு கொடுப்பது. பெண்களுக்கான 2018ஆம் வருஷ தேசியத் திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனுக் கொடுக்க வேண்டும், தீர்ப்பு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்களுக்கு ஒரு பகுதி வந்தது. குழந்தை பேரில் டெபாசிட். "மகளை வித்துப் பணம் வாங்கிட்டாங்க" என்று ஒருவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. அந்தப் பணத்தில் நாங்கள் ஒரு ரூபாய் எடுக்கவில்லை.

தூக்குக் கிடைக்குமா?

கொலைக்குத் தண்டனை ஆயுள் அல்லது மரணம். மரண தண்டனை அரிதிலும் அரிதான வழக்குக்குத்தான் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கிலிருந்து நிலைத்திருக்கிறது. அப்பா தூக்கு வேண்டும் என்கிறார். அம்மா, "அவன் செஞ்சான்னு அந்த ஐயா வாயால சொல்லட்டும், அது போதும்" என்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் இரண்டு விதமாகக் காத்திருக்கிறார்கள். நான் அம்மா பக்கம்.

விடுதலை ஆகிவிட்டால்?

பாதிக்கப்பட்டவர் தரப்பே ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம். அரசு செய்யுமா என்று காத்திருக்க வேண்டாம், தனி அனுமதியும் தேவையில்லை என்று 2018இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. செய்வோம்.

நாங்களும் கோர்ட்டுக்கு வரலாமா?

வாருங்கள். திறந்த நீதிமன்றம்தான், யாரும் உட்காரலாம். அவன் பக்கம் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள், எங்கள் பெஞ்சில் மூன்று பேர். கூட இரண்டு பேர் உட்கார்ந்தால் அம்மாவுக்கு முதுகு நிமிர்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

மாஹிமில் ஏறிச் சர்ச்கேட்டில் இறங்கி, ஓவல் மைதானத்தின் குறுக்கே நடந்தால் கல் கட்டடம். பத்தரைக்குள் வந்துவிடுங்கள், போர்டில் நம்பர் பார்க்க வேண்டும். போனை அமைதியில் போடுங்கள். அவன் வரும்போது யாரும் எழுந்து எதுவும் சொல்லக்கூடாது, முறைக்கவும் கூடாது. சாப்பாடு நாங்கள் கொண்டு வருகிறோம். மத்தியானம் மைதான ஓரம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வருவதாக இருந்தால் முந்தின நாள் ராத்திரி ஒன்பதுக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மாதிரி அரிசி போட வேண்டும்.